ராசாளிக்குப் பயிற்சி கொடுத்த கதை

ஒத்தக்கிணத்துப்பட்டி ஆட்களுக்கு மூளை இல்லை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். எக்கச்சக்கமாக இருந்தது. எடுத்துச் செலவழிக்கத்தான் மனசு வராது.

அந்த ஊர்ப் பெத்துராசு, பாவம், அரை ஏக்கர் கடலை போட்டிருந்தான். ராத்திரியானால் முயல்கள் குடும்பத்தோடு வந்து பந்தியில் உட்கார்ந்துவிடும். அவன் பெண்டாட்டி சென்னம்மா ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"இங்க பாருங்க, இந்த வருசம் ஒரு மூட்டைக் கடலையாவது வீடு வந்து சேரணும். சேரலைன்னா நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்."

பெண்டாட்டி என்றால் பெத்துராசுக்கு உசிரு. அன்றைக்கே போய் ஒரு சிப்பிப்பாறை வேட்டைநாய் வாங்கிவந்தான். பேர் ராசாளி. ஒட்டிய வயிறு, நெட்டைக் கால், விலா எலும்பை எண்ணிவிடலாம். யோசனை சொல்லப் பெரியப்பா மகன் குருவையாவும், சென்னம்மாவின் தம்பி சீனிக்காளையும் கூடவே இருந்தார்கள். ஒரு மனுசன் கெட்டுப்போக அந்த ரெண்டு பேரே தாராளம்.

கால்நடை டாக்டர் நாயைத் தடவிப் பார்த்தார். "ராத்திரி வேட்டைக்குன்னா உடம்பைத் தேத்தணும். தெனமும் ஓட விடுங்க. தூரத்தை நாளுக்கு நாள் கூட்டுங்க. ஓடி முடிச்சதும் மூச்சு அடங்குற வரைக்கும் மெதுவா நடத்துங்க. ஒரு வேட்டை ஓடினா ரெண்டு நாள் முழு ஓய்வு. யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது."

மூன்று பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

முதல் நாள் நாய் அசையவே இல்லை. "முன்னாடி ஏதாச்சும் ஓடினாத்தான் அது ஓடும், மச்சான்" என்றான் சீனிக்காளை. ஏதாச்சும் என்றால் எதற்கு எங்கே போவது? காடு நிறைய முயல் இருந்தது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. பெத்துராசுவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். அய்யனார் கோயில் வரைக்கும் துரத்திய ராசாளி, திரும்ப வீடு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது.

குருவையா மட்டும் தாடையைச் சொறிந்தார்.

"கிளம்புறப்ப நாய் எங்க நின்னுச்சு?"

"வாசல்ல, அண்ணே."

"இப்ப எங்க நிக்குது?"

"வாசல்லதான்."

"அப்ப எங்கடா ஓடியிருக்கு? போன தூரத்தை வந்த தூரம் கழிச்சுப்போட்டுதுல்ல!"

ஞாயமான பேச்சு. மறுநாளிலிருந்து நாய் போகும்போது மட்டும் ஓடியது. ஓடிய தூரம் கழிந்துவிடாமல் இருக்க, வரும்போது பெத்துராசு அதைத் தோளில் தூக்கி வந்தான்.

மூச்சு அடங்க நடத்தவேண்டுமே? நாய்க்குத் தோளிலேயே அடங்கிவிட்டது. பெத்துராசுக்குத்தான் கொல்லன் துருத்தி மாதிரி அடித்தது. யார் மூச்சு என்று டாக்டர் சொல்லவில்லை. ஆகையால் நாயை நிழலில் கட்டிவிட்டு, அவனைக் கையைப் பிடித்து ஊரைச் சுற்றி நடத்தினார்கள்.

ஒரு மாதத்தில் தூரம் கோயிலைத் தாண்டி, கண்மாயைத் தாண்டி, அடுத்த ஊருக்கே போய்விட்டது. ராசாளி கொஞ்சம் சதை போட்டது. பெத்துராசுக்குத் தொடை ரெண்டும் உலக்கையாய் இறுகிப்போனது.

வேட்டை ராத்திரி வந்தது. கடலைக்காட்டில் ஏழு முயல்கள். நாயை அவிழ்த்துவிட்டார்கள். அது முயல்களைப் பார்த்தது, பெத்துராசுவைப் பார்த்தது. பழக்க தோஷம், பெத்துராசுவைத் துரத்த ஆரம்பித்தது. அவன் காட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினான். முயல்கள் மென்றுகொண்டே வேடிக்கை பார்த்தன. நாலாவது சுற்றில் ராசாளி நாக்கைத் தள்ளிப் படுத்துவிட்டது.

"நாய் மேல தப்பில்ல," என்றார் குருவையா. "அதுக்கு உன் வேட்டியைத்தான் அடையாளம் தெரியும்."

"அப்ப முயலுக்கும் வேட்டி கட்டிவிட்டாப் போச்சு!" என்றான் சீனிக்காளை.

அடேயப்பா, என்ன யோசனை! பெத்துராசு ஏழு முயலையும் விரட்டி விரட்டி வெறுங்கையால் பிடித்துச் சாக்கில் போட்டான். விடியற்காலையில், பழைய வேட்டி எடுக்க மூன்று பேரும் சாக்கோடு வீட்டுக்குப் போனார்கள்.

சென்னம்மா அவிழ்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். "அடி ஆத்தி! அம்புட்டையும் பிடிச்சிட்டீங்களா! இனிமே கடலைக்குப் பயமில்ல."

மூன்று பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"முயலே இல்லாத காட்டுல நாய் எதைப் பிடிக்கும், அக்கா?" என்றான் தம்பி.

ஏழு முயலுக்கும் இடுப்பில் வேட்டித் துணி சுற்றி, கடலை செழிப்பாக இருந்த இடமாகப் பார்த்து இறக்கிவிட்டு வந்தார்கள்.

மிச்சம் மீதியையாவது பிடுங்கிவிடலாம் என்று மறுநாள் சென்னம்மா சாக்கோடு காட்டுக்குப் போனாள். வரப்பில் பெத்துராசு கம்பை ஊன்றிக் காவல் நின்றான்.

"தள்ளுங்க, கடலை பிடுங்கணும்."

"உஸ்! மெதுவாப் பேசு, சென்னம்மா. நீ ஆத்தா வீட்டுக்குப் போயிரக் கூடாதுன்னுதானே நான் இம்புட்டுப் பாடுபடுறேன்." பெத்துராசுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. வேட்டையில ஓடின முயலுக. இப்பத்தான் வயிறு நெறையச் சாப்பிட்டு ஓய்வெடுக்குதுக."