ஆட்காட்டி வைக்காத கல்

உங்கள் வீடு எந்தத் தொகுதியில் இருக்கிறது? தெரியும் என்பீர்கள். அந்தத் தொகுதியின் எல்லை எந்தத் தெருவில் தொடங்கி எந்த வாய்க்காலில் முடிகிறது? அந்தக் கோட்டைப் போட்டவர் போடும்போது யார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்? பதில் சொல்ல அவசரம் வேண்டாம். முதலில் இதைக் கேளுங்கள்.

பறவையும் பாம்பும் நண்டும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், செங்கழனி ஏரி என்றோர் ஏரி இருந்தது. அதன் மேற்குக் கரையின் வெற்றுத் தரையில் நூற்றிருபது ஆட்காட்டிக் குருவிகள் வாழ்ந்தன. கிழக்குக் கரை மரங்களில் எண்பது நீர்க்காகங்கள் வாழ்ந்தன. ஏரி ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தொகுதிக்கு நாற்பது வாக்கு, ஓர் உறுப்பினர். அந்த ஐவர் கூடிய மன்றமே மதகை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று தீர்மானிக்கும்.

நீர் உயர்ந்தால் மீன் பெருகும். நீர்க்காகங்களுக்கு அதுவே வேண்டும். ஆட்காட்டியோ தரையில் முட்டையிடும் பறவை. சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டாது. சிறு கற்களைச் சுற்றிலும் அடுக்கி நடுவில் முட்டை வைக்கும். கோடையில் மதகை அடைத்தால் அதன் குடும்பம் மூழ்கும். மன்றத்தில் மூவர் ஆட்காட்டிகளாக இருந்தவரை கோடையில் மதகு திறந்தே இருந்தது.

பத்தாண்டுக்கு ஒருமுறை தலை எண்ணி எல்லைகளைப் புதிதாகப் போடுவது அங்கே வழக்கம். அந்த முறை நீர்க்காகங்களின் தலைவர் கருமுகிலார் எழுந்து, “நம்ம தண்ணீர்ப்பாம்பாரே கோடு போடட்டுமே. அவருக்குக் கரையில நிலமும் இல்ல, மரத்துல கிளையும் இல்ல. யார் பக்கமும் சாயமாட்டாரு” என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். பாம்பு அந்த மாதம் முழுவதும் யார் பிடித்துத் தந்த மீனைத் தின்றது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

பாம்பு ஈரச் சேற்றில் ஊர்ந்தது. அது ஊர்ந்த தடமே எல்லை. கோடு மூன்று நாள் வரைவாகக் கிடக்கும். ஆட்சேபம் உள்ளவர்கள் தலைக்கொரு கல்லை அதன்மேல் வைக்கலாம். மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் நூறு கல் சேர்ந்தால் கோட்டை அழித்து மறுபடி போடவேண்டும். அதுதான் சட்டம்.

முதல் நாள் காலையிலேயே ஒரு நண்டு, காத்தாயி என்னும் ஆட்காட்டியிடம் வந்தது. காத்தாயி நான்கு முட்டைகளின் மேல் அமர்ந்திருந்தாள். அவள் கணவன் நெடுங்காலன் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றிருந்தான்.

“அக்கா, கோட்டைப் போய்ப் பாத்தீங்களா? என் வளைக்கு வாசல் ஒரு தொகுதி, கொல்லை வேற தொகுதி.”

காத்தாயி சிரித்தாள். “உனக்கென்னப்பா, எந்தப் பக்கம் நடந்தாலும் குறுக்கேதான நடப்ப?”

“சிரிங்க, சிரிங்க. ஊர்ந்துபோற பாம்புக்கு எதுக்கு அண்ணாந்து பாக்கற வேலை? பத்தடிக்கு ஒருதரம் தலையைத் தூக்கிச்சு. மேல கருமுகிலார் பறந்துக்கிட்டு இருந்தாரு. அவரு நிழல் தரையில முன்னால போக, பாம்பு அந்த நிழல் மேலேயே ஊர்ந்து வந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன்.”

“வெயில்ல பறந்தா நிழல் விழத்தான் செய்யும்” என்றான் நெடுங்காலன்.

“சரி மாமா, நிழல விடுங்க. ஆளை எண்ணுங்க. ஒரு தொகுதியில நாப்பதும் உங்க ஆளுங்க. இன்னொண்ணுல இருபத்தாறு. மிச்ச மூணுலயும் நீங்க பதினெட்டு, அவங்க இருபத்திரண்டு. நூத்திருபது பேருக்கு ரெண்டு இடம், எண்பது பேருக்கு மூணு இடம். மதகு யார் கைக்குப் போகும்?”

காத்தாயியின் முகம் மாறியது. “அப்போ நீ ஒரு கல்லு வைக்க வேண்டியதுதானே?”

“நண்டுக்கு வாக்கு கிடையாதுக்கா. இருந்தா நான் ஏன் உங்ககிட்ட வந்து கெஞ்சறேன்? உங்க நெஞ்சுக்கடியிலேயே இத்தனை கல் கிடக்கே.”

“இதுல ஒண்ணை எடுத்தா முட்டை உருண்டுடும்பா.”

“மாமா போகலாமே. சும்மாதானே நிக்கறாரு?”

“நான் காவல் நிக்கறேன்” என்றான் நெடுங்காலன். “தவிர, அது சேத்துல போட்ட கோடு. ஒரு மழை வந்தா அழிஞ்சுபோகும். நூத்திருபது பேர்ல நாங்க ரெண்டு பேர் போகாட்டி என்ன குறைஞ்சுபோச்சு?”

மேற்குக் கரை நெடுக இதே பேச்சுதான். ஒவ்வொரு கூட்டிலும் ஒருவர் அடைகாத்தார், ஒருவர் காவல் நின்றார், மற்றவர் போவார் என்று இருவரும் நம்பினார்கள். மூன்றாம் நாள் பொழுது சாய்ந்தபோது கோட்டின்மேல் பதினொரு கற்கள் இருந்தன. மழை வரவில்லை. வெயில் அந்தச் சேற்றைச் சுட்ட ஓடுபோல் இறுக்கியிருந்தது.

தேர்தல் நடந்தது. மன்றத்தில் மூவர் நீர்க்காகங்கள். முதல் கூட்டத்தின் முதல் தீர்மானம், மதகை அடைப்பது.

நீர் விரல் விரலாக ஏறி வந்தது. காத்தாயி கணவனைக் காவல் வைத்துவிட்டு மன்றத்துக்கு ஓடினாள். “ஐயா, பொரிக்க இன்னும் நாலு நாள்தான் இருக்கு. நாலு நாள் மட்டும் மதகைத் திறந்து வைங்க.”

கருமுகிலார் கோபப்படவில்லை. கனிவாகவே பேசினார். “அம்மா, கோடு மூணு நாள் வெட்டவெளியில கிடந்துச்சு. யாரும் மறைச்சு வைக்கல. உங்க கல்லு எங்கே?”

அவள் திரும்பி வந்தாள். தன் கற்கள் எங்கே என்பது அவளுக்குத் தெரியும். எடுத்து வைத்த ஒழுங்கு குலையாமல், நான்கு விரல் தண்ணீருக்கடியில், குளிர்ந்துபோன நான்கு முட்டைகளைச் சுற்றி அவை அப்படியே கிடந்தன. நெடுங்காலன் கணுக்கால் நனைய இன்னமும் காவல் நின்றிருந்தான்.

காத்தாயி அழவில்லை. தொலைவில் பாம்பின் தலை நீருக்கு மேல் எழுவதைக் கண்டாள். அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எழுப்பியபடி அதன் தலைக்கு மேலே பறந்தாள். கரையிலிருந்த அத்தனை ஆட்காட்டிகளும் அவளோடு எழுந்தன.

தரையில் எவர் கால் பட்டாலும், வருபவர் நல்லவரா கெட்டவரா என்று பாராமல், ஆட்காட்டி பதறியெழுந்து ஊருக்கெல்லாம் கூவிச் சொல்வது அன்று தொடங்கிய பழக்கம்தான். சந்தேகப் பிராணி என்று நாம் அதைக் கேலி செய்கிறோம். நம்பிக்கையின் விலை நான்கு முட்டைகள் என்று அது அறிந்திருக்கிறது. நாம் இன்னும் அறியவில்லை.

அன்பர்களே, எல்லை வரைபவரை வணங்குங்கள்; ஆனால் அவர் தலைக்கு மேலே யாருடைய நிழல் போகிறது என்றும் பாருங்கள். உங்கள் ஊர் அலுவலகத்தில் வரைவு எல்லை வரைபடம் ஒட்டப்பட்டிருந்தால், அதன் கெடுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டார் போவார் என்று இராதீர்கள். அவர் உங்களை நம்பி உட்கார்ந்திருக்கிறார். செருப்பை மாட்டுங்கள். அலுவலகம் மூடுவதற்குள் சென்று அந்தக் கோட்டை உங்கள் விரலால் தொட்டுப் படியுங்கள். தவறு கண்டால் ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள். உங்கள் கல்லை இன்றே வையுங்கள்.