நிரஞ்சனின் கோடு

"மிஸ், என் கோடு இன்னும் அவன் கோடு மாதிரி வர மாட்டேங்குது" என்றாள் பூங்கோதை.

சொன்னவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. மாணவி. பதில் சொல்ல வேண்டிய நஸ்ரினுக்கு முப்பத்தொன்று. ஆசிரியை.

நஸ்ரின் படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"வந்திருக்கே டீச்சர். எனக்கே வித்தியாசம் தெரியலை."

"எனக்குத் தெரியுது."

நஸ்ரின் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

கோவையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் பூங்கோதை. அதனால் ஓவியக் கல்லூரியில் அவளுக்குப் பாடம் எடுப்பவர்கள்கூட அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். கணவர் முன்பே தவறிவிட்டார். ஒரே பையன், நிரஞ்சன். அவனும் இதே கல்லூரியில், இதே நஸ்ரினிடம்தான் படித்தான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், வீடு திரும்பவில்லை.

அவன் விட்டுப்போனது ஒரு ஊர்.

ஏழ்கரை என்று பேர். எந்த வரைபடத்திலும் கிடையாது. கணினி விளையாட்டில் வரும் கோட்டைகளையும் மந்திரவாதிகளையும் பார்த்துப் பார்த்து, தனக்கென்று ஒன்றை அவனே கட்டிக்கொண்டான். படகுத்துறை, மீன் சந்தை, செதில் முளைத்த வண்டிமாடுகள், கூரைக்குக் கூரை தாவும் காவல்காரர்கள். தாள் தாளாக வரைந்து அடுக்கி வைத்திருந்தான்.

கடைசித் தாளில் ஊரின் பெரிய வாசல். கதவு திறந்திருக்கிறது. உள்ளே வெறும் வெள்ளை.

அந்த வெள்ளையை நிரப்பத்தான் பூங்கோதை வேலையை விட்டாள். நுழைவுத் தேர்வு எழுதினாள். மகன் வயதுப் பிள்ளைகளோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பானையையும் துணி மடிப்பையும் வரைந்தாள். முட்டி வலித்தது. விடவில்லை. பிள்ளைகளுக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. எலுமிச்சைச் சோறு கொண்டுவந்தால் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

ஒருநாள் கோட்பாட்டு வகுப்பில் வேறொரு ஆசிரியர் சொன்னார். "வரைஞ்சவன் யாரு, என்ன நினைச்சான், அதெல்லாம் நமக்கு வேண்டாம். வரைஞ்சவன் செத்துட்டான்னு வெச்சுக்கிட்டுப் படத்தைப் பாருங்க."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

பூங்கோதை எழுந்து வெளியே போய், குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். அந்த ஆசிரியருக்கு நிரஞ்சனைப் பற்றித் தெரியாது. தெரிந்து சொன்னதல்ல.

இரண்டாம் வருடக் கடைசியில், ஒவ்வொருவரும் தங்களை உருவாக்கியது எது என்று வகுப்பின் முன்னால் நின்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பையன் ஜப்பானியக் கார்ட்டூன் என்றான். ஒரு பெண் அவள் அப்பா கடையில் தொங்கிய சாமி காலண்டர் என்றாள்.

பூங்கோதையின் முறை வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வகுப்பெடுக்கிறவள் போல நின்றாள்.

"எனக்கு மூணுங்க. ஒண்ணு, பண்பாட்டுக் கோட்பாடு பத்தின ஒரு புத்தகம். எந்தப் படமும் தனி ஒரு ஆள் வரைஞ்சது இல்லைன்னு அதுல வருது. அவன் பார்த்தது, படிச்சது, அவன் வாழ்ந்த காலம் எல்லாம் சேர்ந்துதான் கையைப் பிடிச்சு வரைய வைக்குதாம். ரெண்டாவது, கதைப் புத்தகங்களுக்கு வரையற சித்திரங்க. மூணாவது, மாயாஜால கம்ப்யூட்டர் விளையாட்டு."

"முதல்ல சொன்னது ஏன் பிடிச்சுது?" என்றாள் நஸ்ரின்.

"ஆறுதலா இருந்துச்சுங்க மிஸ். அப்படீன்னா, அவன் பார்த்ததையெல்லாம் நானும் பார்த்துட்டா, அவன் கை இல்லைன்னாலும் படம் முடிஞ்சுரும்."



"மூணும் நிரஞ்சனோடது" என்றாள் நஸ்ரின். "அவன் புத்தகம். அவன் சுவத்துல ஒட்டியிருந்த சித்திரம். அவன் ஆடின விளையாட்டு. உங்களோடது எது டீச்சர்?"

"எனக்குன்னு என்னங்க இருக்கு. நான் கணக்கு டீச்சர்."

அன்று மதியம் பூங்கோதை நஸ்ரினின் அறைக்கு வந்தாள். வருடக் கடைசிக் கண்காட்சியில் ஏழ்கரை முழுவதையும் மாட்ட வேண்டும் என்றாள். கடைசித் தாளைத் தானே முடித்துவிடுவதாகச் சொன்னாள்.

"அடியில அவன் பேரு மட்டும் போட்டாப் போதும். நான் தொட்டதே தெரியாது."

"யோசிக்கணும்."

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு?"

 "நீங்க அந்த விளையாட்டை ஆடறதை நான் ஒரு தரம் பார்க்கணும்" என்றாள் நஸ்ரின்.

சனிக்கிழமை மதியம் நஸ்ரின் வீட்டுக்கு வந்தாள். நிரஞ்சனின் அறையில் எதுவும் இடம் மாறவில்லை. பூங்கோதை காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கணினியைத் திறந்தாள்.

திரையில் சாம்பல் அங்கி போட்ட உயரமான ஒருவன் நின்றான். நெட்டையன் என்பது நிரஞ்சன் அவனுக்கு வைத்த பேர். பூங்கோதை அவனை நடக்க வைத்தாள். காட்டுக்குள், பாலத்தின் மேல், இடிந்த கோட்டையைச் சுற்றிக்கொண்டு. பூதம் ஒன்று எதிரே வந்தால், பாதையை விட்டு இறக்கி மரத்தடியில் நிறுத்தினாள். அது போன பிறகு மறுபடி நடத்தினாள்.

"சண்டை போட மாட்டீங்களா?"

"அடிபட்டுட்டான்னா? இதுவரைக்கும் ஒரு கீறல் விழாம வெச்சிருக்கேன்."

அப்போது சிவப்புக் கேடயம் வைத்த ஒருவன் பாலத்தைத் தாண்டி ஓடி வந்து நெட்டையனின் பக்கத்தில் நின்றான். திரையின் ஓரத்தில் எழுத்து வந்தது.

"என்னடா நெட்டை, ஆளயே காணோம்."

பூங்கோதை ஒற்றை விரலால் தட்டினாள். "பரீட்சை டா."

"உனக்கு எப்பப் பாத்தாலும் பரீட்சைதானாடா."

நஸ்ரின் குவளையைக் கீழே வைத்தாள். "யாரு டீச்சர் இது?"

"மதுரைப் பையன். பேரு தெரியாது. நிருவும் இவனும் எப்பவும் ஜோடியா ஆடுவாங்க. முதல் தடவை நான் இதைத் திறந்தப்ப, எங்கடா போனேன்னு கேட்டான். என்ன சொல்றதுன்னு தெரியலை. காய்ச்சல்னு சொன்னேன். அப்புறம் அப்படியே..."

"அவனுக்கு இன்னும் தெரியாதா?"

"எதுக்குங்க தெரியணும். அந்தப் பையனுக்காவது நிரு இருக்கட்டுமே."

நஸ்ரின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒன்றும் கேட்காமல், குனிந்து விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு வரி தட்டினாள்.

"நீங்க பேசிட்டிருக்கறது நிரஞ்சன்கிட்ட இல்லை."

விசைப்பலகையைப் பூங்கோதை முன் நகர்த்தி வைத்தாள்.

 "என்ன காரியம் பண்ணிட்டீங்க மிஸ்" என்றாள் பூங்கோதை.

 கேடயக்காரன் அப்படியே நின்றான். பிறகு எழுத்து வந்தது.

"அப்ப யாரு."

 பூங்கோதையின் விரல் எழுத்துகளைத் தேடித் தேடிப் போயிற்று.

"நான் நிருவோட அம்மா."

"வணக்கம்மா."

 மறுபக்கம் அவன் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தது தெரிந்தது.

"அவன் இல்லையாம்மா."

"இல்லப்பா."

கேடயக்காரன் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு, நெட்டையனின் காலருகே தரையில் உட்கார்ந்தான்.

"ரொம்ப நாளா சந்தேகம்தான்மா. நெட்டை எதைக் கண்டாலும் முதல் ஆளா பாய்ஞ்சு அடிவாங்குவான். இப்பல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போறான். யாரோ பயந்து பயந்து கூட்டிட்டுப் போற மாதிரியே இருந்துச்சு. கேட்க தைரியம் வரலை."

பூங்கோதை அதை இரண்டு முறை படித்தாள். கணினியை அணைத்தாள்.

"நீங்க கிளம்புங்க மிஸ்."

நஸ்ரின் கிளம்பினாள்.

அதன் பிறகு பூங்கோதை கல்லூரிக்குப் போகவில்லை. பிள்ளைகள் போன் பண்ணினார்கள். எடுக்கவில்லை. கடைசித் தாளை மேசைமேல் விரித்து, நிரஞ்சனின் பேனாவை எடுத்து வாசலுக்குள் வைக்கப் போவாள். கை தாள்மேல் இறங்காது. அவன் போடும் கோடு போலவே அச்சாகப் போடத் தெரிந்த கைதான். ஆனால் மதுரைப் பையன் கண்டுபிடித்துவிட்டானே. அந்த உருவம், அந்த அங்கி, அந்தப் பேர், எல்லாம் நிருவுடையதாக இருந்தும் கண்டுபிடித்துவிட்டான்.

நஸ்ரின் மேல் கோபம் கோபமாக வந்தது. உலை வைத்தாலும் துணி மடித்தாலும் மனதுக்குள் அவளோடு சண்டை போட்டாள்.

ஒரு காலையில் என்னவோ தோன்றி விளையாட்டைத் திறந்தாள். மதுரைப் பையன் அவளுக்காக எழுதி வைத்திருந்தான். அவன் பேர் ஜெகவீரன். பாத்திரக் கடையில் வேலை. "நிருவுக்கு என்னம்மா ஆச்சு. சொல்லக் கஷ்டமா இருந்தா சொல்ல வேணாம்."

இதுவரை அவள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வந்தவர்களுக்கெல்லாம் முன்பே தெரிந்திருந்தது. தெரியாதவர்களிடம் சொல்லத் தேவை வரவில்லை. இப்போது ஒற்றை விரலால், முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தாள். காய்ச்சல் வந்த அன்று அவன் ரசம் கேட்டதிலிருந்து. மாத்திரை கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தது. ஆட்டோவில் அவள் தோளில் சாய்ந்துகொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில்.

கட்டில் என்று தட்டியதும் நிறுத்தினாள்.

எழுந்து போய், தன் பையிலிருந்து ஒரு சாதாரணப் பென்சிலை எடுத்தாள். ஏழ்கரையின் கடைசித் தாளைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு தாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சோறு ஆறிப் போயிற்று.

மறுநாள் கல்லூரிக்குப் போனாள். நஸ்ரின் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்புங்க டீச்சர். உங்களைக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன்."

"அதுக்காக அது சரியாயிடாது."

"ஆகாதுதான்" என்றாள் பூங்கோதை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கண்காட்சிக்குக் கடைசித் தாளை இருக்கற மாதிரியே மாட்டிரலாங்க."

"உள்ளே வெள்ளையாவா?"

"வெள்ளையாவே இருக்கட்டும். அவன் அதுவரைக்கும்தானே வரைஞ்சான்."

நஸ்ரின் தலையாட்டினாள்.

பூங்கோதை பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள்.

"இது அவன் மாதிரி இல்லை. யாரு மாதிரியும் இல்லை. நல்லாவும் வரலை."

நஸ்ரின் வாங்கினாள். பென்சில் படம். கோடுகள் நேராகவே போகவில்லை. அழித்து அழித்துத் தாள் ஓரிடத்தில் மெலிந்திருந்தது. ஓர் இரும்புக் கட்டிலின் முனை. அதைத் தாண்டி, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, இரண்டு பாதங்கள்.

நஸ்ரின் நெடுநேரம் பார்த்தாள்.

"கட்டில் நீளம் பத்தலையா?"

"ஆறடிங்க மிஸ் அவன். எங்க படுத்தாலும் காலு வெளியதான் இருக்கும்."

நஸ்ரின் தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"நகம் வளர்ந்திருக்கு" என்றாள்.

"வெட்டி விடட்டுமாடான்னு கேட்டேன்" என்றாள் பூங்கோதை. "தூக்கமா வருதும்மா, நாளைக்கு வெட்டிக்கலாம்னான்."