சோம்பல் கல்

மலையேறிப் பார்க்காமலே ஒரு மலைநாட்டை ஆண்ட ராஜா முன்னொரு காலத்தில் இருந்தார், கேளுங்கள். அந்த நாட்டில் மழைக்குக் குறைவில்லை. கோதுமைதான் விளையவில்லை. முளைக்கும், சாண் உயரம் வளரும், மஞ்சளாகி நின்றுவிடும்.

குடிகள் சோம்பேறிகள் என்று தீர்த்துவிட்டார் தானிய அதிகாரி வல்லபர். கோதுமை பொய்த்த வயலில் ஒரு கல்லை நட்டு, ஊரே பார்க்கட்டும் என்று அதற்குச் சுண்ணாம்பு பூசினார். அதுதான் சோம்பல் கல். மூன்று கல் நட்டால் நிலம் அரசுக்கு.

மாரக்காள் என்ற குடியானவப் பெண் தன் வயலை மூன்று முறை உழுதாள். முதல் கல் வந்தது. மறுவருஷம் ஐந்து முறை உழுதாள். இரண்டாம் கல் வந்தது. மூன்றாம் வருஷம் ஏழு முறை உழுதாள். கை கொப்புளித்துச் சந்தைக்குப் போனால், "கல்லுக்காரி வர்றா, படுக்கப் பாய் போடுங்கடி" என்றார்கள்.

அந்த வருஷமும் பயிர் மஞ்சளடித்தது. ஆத்திரத்தில் கல்லைப் பிடுங்கப் போனவள் அப்படியே நின்றாள். இரண்டு கல்லைச் சுற்றியும் ஒரு முழத்துக்கு மட்டும் கோதுமை இடுப்பளவு பச்சையாக நின்றது. மழையில் கரைந்த சுண்ணாம்பு மண்ணில் வெள்ளையாய் இறங்கியிருந்தது. அங்கே ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் முழ நீளம். தள்ளி ஒன்றைப் பிடுங்கினாள். வேர் கட்டைவிரல் அளவுகூட இல்லை.

மண்தான் புளித்துப் போயிருந்தது, சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறித்திருந்தது; சோம்பல் அவள் உடம்பில் இல்லை.

செடிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள். அவள் திருட்டுத்தனமாக எரு போட்டதாக வல்லபர் சாதித்தார். மாரக்காள் ராஜாவைப் பார்த்துச் சொன்னாள்:

"பாதி வயல் இந்த அதிகாரி ஐயாவுக்கு. அவரே உழட்டும், அவரே விதைக்கட்டும். பாதி எனக்கு. உங்க சுவத்துக்குப் பூசுற சுண்ணாம்புல ரெண்டு வண்டி கொடுங்க."

ராஜா ஒப்புக்கொண்டார். வல்லபர் ஒன்பது முறை உழுதார். அறுப்புக்காலத்தில் ராஜா முதல்முறையாக மலையேறினார். ஒரு பாதியில் சாண் உயர மஞ்சள். மறு பாதியில் தலைசாய்ந்த கதிர்.

அவளுக்கென்று செதுக்கி வைத்திருந்த மூன்றாம் கல் வரப்பில் கிடந்தது. மாரக்காள் அதைத் தூக்கிக்கொண்டு அதிகாரி முன்னால் வந்து நின்றாள்.

"இதை எங்க நடட்டும், ஐயா?"

வல்லபர் கொப்புளித்த தன் கைகளைப் பார்த்தார்.

அந்த வருஷம் அரண்மனைக்கு வெள்ளையடிக்கவில்லை; சுண்ணாம்பு வண்டிகள் எல்லாம் மலைக்குப் போயின. பறித்த நிலங்களும் திரும்பின. ஆனால் அவமானத்தில் ஊரைவிட்டுப் போன பதினேழு குடும்பங்கள் திரும்பவில்லை.

விளையாத நிலத்தைக் கண்டால், உழைத்தவரைப் பழிப்பதற்கு முன் அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.