பார்ட்லியின் ஜிக் இறங்கும் இடம்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஓர்லா என்று ஒரு பிடில் ஆசிரியை இருந்தாள். காலையில் ஊருக்குத் தபால் கொடுப்பாள், மாலையில் பிடில் சொல்லிக்கொடுப்பாள். வயது முப்பத்துநான்கு. அவளுடைய சிஷ்யர் கார்மக்குக்கு அறுபத்தேழு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். காப்பியடித்த பிள்ளைகளை நாற்பது வருடம் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்திய மனிதர்.

கார்மக்கின் அப்பா பார்ட்லி அந்த வட்டாரத்தில் பேர்போன பிடில்காரர். கல்யாணமோ அறுவடை விருந்தோ, அவர் வந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். அவர் பெயரில் ஒரு ஜிக் உண்டு. ஜிக் என்றால், உட்கார்ந்திருப்பவரையும் கிளப்பிவிடுகிற துள்ளல் மெட்டு. "இது நான் போட்ட மெட்டு" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கல்லறைக்கு மகன் புதுக் கல் வைக்க ஏற்பாடு செய்திருந்தார். "பார்ட்லியின் ஜிக்கை இயற்றியவர்" என்று திங்கட்கிழமை அதில் எழுத்து வெட்ட வேண்டும். எந்த வருடம் என்பதையும் சேர்த்துப் போடலாமே என்று கார்மக் தலைநகரத்து நூலகத்துக்குப் போய்த் தேடினார். சும்மா இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை ஓர்லாவின் வீட்டுக்கு வந்தவர், பிடில் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"டீச்சர், எங்கப்பா பொய் சொல்லியிருக்கார்."

"என்ன பொய்?"

ஒரு பழைய நோட்டுப் பக்கத்தின் நகலை மேஜைமேல் வைத்தார். "அதே ஜிக். அப்பா பிறக்கறதுக்கு அறுபது வருஷம் முன்னாடி யாரோ எழுதி வெச்சது. காப்பி, டீச்சர். சுத்தமான காப்பி." அவமானத்தில் அவர் காதுகள் சிவந்திருந்தன.

ஓர்லா பக்கத்தை எடுத்து மனதுக்குள் வாசித்துப் பார்த்தாள்.

"கல்லுல என்ன போடட்டும்? சொல்லுங்க."

"இதை நல்லாப் பழகிட்டு வாங்க. இதுல இருக்கறபடியே. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுங்க."

"நான் கேட்டது அது இல்லியே."

"அதுக்குத்தான் சொல்றேன்."

கார்மக் மூன்று நாள் பழகினார். இரண்டாம் பகுதியில் ஓரிடம் மட்டும் அப்பா வாசித்தது போல இல்லை. மெட்டு அங்கே மெல்லிய தந்தியின் உச்சிக்கு ஏறியது. பழகப் பழகத்தான் அது கைக்கு வந்தது.

ஞாயிறு மதியம், சர்ச் முடிந்து, ஓர்லா உட்பட ஊர் வாத்தியக்காரர்கள் ஆறு பேர் மதுக்கடையில் கார்மக்கோடு வட்டமாக உட்கார்ந்தார்கள். யாரிடமும் தாள் கிடையாது. அங்கே எல்லாம் காதால் கேட்டு வாசிப்பதுதான். கார்மக் ஆரம்பித்தார். மெட்டைக் கண்டுகொண்டு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த இடம் வந்தது. கார்மக் மேலே போனார். ஆறு பேரும் கீழே இறங்கினார்கள். வாலை மிதித்த பூனை மாதிரி ஒரு சத்தம். யாரும் நிறுத்தவில்லை.

அடுத்த சுற்று. மறுபடியும் அவர் மேலே, அவர்கள் கீழே.

மூன்றாவது சுற்றில் எல்லோரும் சேர்ந்தே இறங்கினார்கள். மெட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. கடைக்காரர் தம்ளர் துடைப்பதை விட்டுவிட்டுக் காலால் தாளம் போட்டார். முடியும்வரை கார்மக்குக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

புல்லாங்குழல்காரர் பேக்கி கேட்டார். "முதல்ல ரெண்டு தடவை எங்க போயிட்டீங்க, ஹெட்மாஸ்டர்?"

"நோட்டுல அப்படித்தான் இருக்கு."

"அப்ப நோட்டுல தப்பு."

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள்.

ஓர்லா கார்மக்கைப் பார்த்தாள். "உங்கப்பா ஏன் அங்க இறங்கினார்?"

கார்மக் தன் இடது கையை விரித்துப் பார்த்தார். அந்த உச்சிக்குச் சுண்டு விரல் வேண்டும்.

"அவருக்குச் சுண்டு விரல் கிடையாது," என்றார் மெதுவாக. "வைக்கோல் மெஷின்ல போச்சு. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே."

பேக்கி தம்ளரைக் கீழே வைத்தார். பிடில் வைத்திருந்த மூன்று பேரும் தங்கள் சுண்டு விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் இருந்தன.

கார்மக்கின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தலைமையாசிரியர் விடவில்லை.

"ஒரு இடத்தை மாத்தினா அது இயற்றினதா ஆகுமா, டீச்சர்? அந்த நோட்டுக்காரர் எழுந்து வந்து, இது என் மெட்டுன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

ஓர்லா வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"வரட்டும். இங்க ஒரு நாற்காலி போட்டு எங்களோட வாசிக்கச் சொல்லுவோம். மூணாவது சுற்றுல அவர் எங்க போறார்னு பாருங்க."