செவலை விழுங்கிய சொல்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்கும் பேச்சு இருந்தது. நரி அளந்து பேசும். நாய்க்கோ வாய் ஓயாது. அந்தத் தொணதொணப்புக்குப் பயந்தே யாரும் நாயை வீட்டில் சேர்ப்பதில்லை.

மலையடிவாரத்தில் ஆடு மேய்த்த குருவம்மா மட்டும், மழையில் நனைந்து கிடந்த ஒரு நாய்க்குட்டியை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அதன் நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயர் வைத்தாள்.

ஒரு வெயில் நாளில், "உட்காரு" என்றாள்.

"ஏன் உட்காரணும்? தரை சுடுது."

குருவம்மா தரையைத் தொட்டுப் பார்த்தாள். சுடத்தான் செய்தது. குட்டியை நிழலுக்குத் தூக்கிப் போய், "இப்போ உட்காரு" என்றாள். உட்கார்ந்தது. கம்பஞ்சோற்றில் ஓர் உருண்டை கிடைத்தது.

குடிசைக்குள் நனைத்து வைத்தால் அவள் அடிப்பதில்லை. அது தின்றதும், தூங்கி எழுந்ததும் வேலியோரம் கூட்டிப் போவாள். தொட்டில் கயிற்றைக் கடித்தால், வாயிலிருந்து விடுவித்துவிட்டு ஓர் ஆட்டுக்கொம்பைக் கொடுப்பாள். செவலையும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டது.

ஒன்றைத் தவிர. அவளுடைய மகள் பொன்னி தூங்கும்போது, சத்தம் போடாதே என்பதற்குக் குருவம்மா உதட்டில் விரல் வைத்துக் காட்டுவாள். செவலை சிலை மாதிரி நிற்கும். மறு மூச்சிலேயே, "அம்மா, பாப்பா தூங்கிடுச்சா?" என்று கத்தும். பொன்னி வீறிட்டு எழுவாள். செவலை வாலை ஒடுக்கிக்கொள்ளும்.

பக்கத்து ஆட்டுப்பட்டி மாயன் சிரிப்பான். "நாயைப் பழக்கிடுவ. அது வாயை யாரு பழக்குறது?"

"பழகும்ணே. இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு" என்பாள் குருவம்மா.

ஒரு கோடையில் அவள் தூரத்து மரத்தில் ஏறித் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். பட்டியில் ஆட்டுக்குட்டிகளை மூடி வைக்கும் கொடாப்புகள் பெரிய கூடைகளைப் போலக் கவிழ்ந்து கிடந்தன. அவற்றில் ஒன்றுக்குள், குட்டிகளோடு விளையாடிய பொன்னி அவற்றோடு அப்படியே தூங்கிப் போயிருந்தாள். மற்றவை காலி.

புதரிலிருந்து சிறுத்தை வந்தது. பாய்ந்து செவலையின் கழுத்தில் காலை ஊன்றியது.

"ஒவ்வொன்றாகப் புரட்ட நேரமில்லை. எதற்குள் இருக்கிறது இரை? சொல், உன்னை விட்டுவிடுகிறேன்."

மரத்தின் மேலிருந்து குருவம்மா பார்த்துவிட்டாள். கூச்சல் போட்டால் பொன்னி விழித்து அழுவாள். அழுகை இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். விரலை உதட்டில் வைத்தாள். செவலையின் கண்கள் அந்த விரலைக் கண்டன. அவள் சரசரவென்று இறங்கி ஓடிவரத் தொடங்கினாள்.

"சொல்!" நகம் இறங்கியது. இரத்தம் கசிந்தது.

எந்தக் கேள்வியையும் பதிலில்லாமல் விட்டதில்லை அந்த நாய். வலியில் பதில் தொண்டை வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்தது. சிறுத்தை அழுத்த அழுத்த, செவலை அந்தச் சொல்லை அப்படியே விழுங்கியது. அதோடு சேர்ந்து மற்ற எல்லாச் சொற்களும் உள்ளே போய்விட்டன.

அதற்குள் குருவம்மா தழை இழுக்கும் துரட்டிக் கோலை ஓங்கியபடி வந்துவிட்டாள். அவள் ஓடுவதைக் கண்டு பின்னாலேயே மாயனும் கம்போடு ஓடிவந்தான். சிறுத்தை புதருக்குள் பாய்ந்து மறைந்தது.

குருவம்மா செவலையின் கழுத்தைத் துணியால் அழுத்திக் கட்டினாள். "என் ராசா, வலிக்குதா? சொல்லுடா."

செவலை வாயைத் திறந்தது. குரைப்புதான் வந்தது. உள்ளே போன சொல் உருண்டு வந்துவிடாதா என்று தலையை ஒரு பக்கம் சாய்த்தது. மறுபக்கமும் சாய்த்துப் பார்த்தது. வரவில்லை.

மாயன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

குருவம்மா அதன் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். "நீ பேச வேண்டாம்டா. இனி நான் பேசுறேன். நீ கேளு, போதும்."

நாம் அன்போடு ஏதாவது சொல்லும்போது செவலையின் வழிவந்த வீட்டு நாய் தலையைச் சாய்த்துச் சாய்த்து நம் முகத்தைப் பார்ப்பது அன்றைக்குத் தொடங்கியதுதான்.