வெளி மண்ணில் பெயர் கூப்பிட்டவள்

ஒரு ஊரிலே, செம்மண் தேரி மேட்டுக்கு அடியிலே ஒரு ஊரிலே, வியாகுலம் என்று ஒருத்தி இருந்தாளாம். குழிவெட்டுகிறவள். அந்த ஊரில் கோயில் ஒன்று, கல்லறைத் தோட்டம் இரண்டு. சுவருக்கு உள்ளே மேலத்தெருக்காரர்கள், சலவைக் கல்லுக்குக் கீழே. சுவருக்கு வெளியே கீழத்தெருக்காரர்கள். அவர்களுக்குக் கல் கூடாது, சிலுவை கூடாது. எல்லாருக்கும் ஒரே ஞானஸ்நானம்தானே என்று கேட்காதீர்கள், கேட்டவர்களுக்குப் பதில் வந்ததில்லை.

அதனால் கல்லறைத் திருநாள் தோறும் வியாகுலம் அந்த வெறும் மண்ணில் நடந்து, யார் எங்கே என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். கூப்பிட்ட இடத்தில் அவரவர் சனம் மெழுகுவத்தி ஏற்றும்.

நாட்டாமை இராயப்பருக்கு அந்த மண்ணில் தென்னந்தோப்பு போட ஆசை வந்தது. அது கோயில் நிலம். கோயில் சாமியார் நாட்டாமையின் பெரிய வீட்டுச் சோறு தின்றவர்தான்; ஆனாலும் கல்லறை மண்ணாயிற்றே என்று பயந்து, இங்கே யாரும் புதைக்கப்படவில்லை என்று குழிவெட்டி சிலுவையைத் தொட்டுச் சொல்லட்டும், தருகிறேன் என்றுவிட்டார்.

நாட்டாமை வந்து சொல்லச் சொன்னார். மாட்டேன் என்றாள். குடிசையைப் பிரித்துப் போட்டார். மறுபடி வந்தார். மாட்டேன் என்றாள். கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றார். மூன்றாம் தரமும் வந்தார். மாட்டேன் என்றாள். கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்றார். அதற்குத்தான் அவள் அழுதாள். அப்புறம் ஞாயிறுதோறும் வெளியே வெயிலில் முழங்கால் போட்டுப் பூசை கண்டாள்.

கொழுந்தன் இன்னாசியே வந்து, "ஒரு வார்த்ததான மதினி, சொல்லித் தொலைங்களேன்" என்றான்.

"சிலுவையத் தொட்டுல்ல சொல்லணும் இன்னாசி. அதுல தொங்குறவரும் பொய்ச்சாட்சியாலதான் தொங்குறாரு."

கல்லறைத் திருநாள் வந்தது. உச்சி வெயில். நாட்டாமை ஊரைக் கூட்டி, சாமியாரைச் சிலுவை நீட்டச் சொல்லி, "சொல்லு, இங்க யாரு இருக்கா?" என்றார்.

"அவங்களையே கேட்டுக்கோங்கய்யா" என்று வியாகுலம் மண்ணைப் பார்த்துத் திரும்பினாள். "ஏ சந்தியாகு."

காற்று நின்றது. "இருக்கேன்" என்றது மண்.

"ஞானப்பூ."

"இருக்கேன்."

"மதலேனா பெத்த மகளே."

"இருக்கேன்." பேசப் பழகுமுன்னே செத்த பிள்ளை அது.

சனம் அப்படியே முழங்காலில் விழுந்தது. நாட்டாமை மட்டும் காலை ஓங்கி மிதித்து, எல்லாம் மாயவித்தை, இங்கே ஒருத்தரும் இல்லை என்று கத்தினார்.

அப்போது காலடியில் ஒரு குரல், "இராயப்பா."

"மண்ணு கூப்பிட்டா பதில் பேசாதீங்கய்யா" என்று வியாகுலம்தான் பதறினாள்.

"இராயப்பா." செத்துப்போன அவர் அப்பன் குரல். அப்பனோ சுவருக்கு உள்ளே சலவைக் கல்லுக்குக் கீழே இருக்கிறவர். சுவரெல்லாம் மண்ணுக்கு மேலேதான் போலிருக்கிறது.

"இராயப்பா."

"இருக்கேன்" என்றார் நாட்டாமை.

அவ்வளவுதான். பூமி பிளக்கவில்லை, உயிர் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் வாயில் அந்த ஒரு சொல்தான். மகன் அழுதாலும் இருக்கேன், சாமியார் செபித்தாலும் இருக்கேன். வீட்டுக்குப் போகாமல் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரிய வீட்டார் பயந்து எட்டிப் பார்ப்பதையும் விட்டார்கள். வியாகுலம் தன் கஞ்சியில் பாதியை அவருக்கு ஊட்டினாள். இவனுக்கா என்று இன்னாசி பல்லைக் கடித்தான். பசிக்குமே என்றாள்.

கோயில் கதவை அவளுக்குத் திறந்தார்கள். கீழத்தெரு முழுவதையும் முன்னே விட்டு, கடைசி ஆளாக அவள் உள்ளே போனாள்.

கதை இவ்வளவுதான். பொய் சொல்லாதவளுக்கு மண்ணே சாட்சி சொன்னது, பொய் கேட்டவனுக்கு வாயே போனது. போய்ப் படுங்கள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், யாரென்று பார்த்துவிட்டுப் பதில் பேசுங்கள்.