போதும் என்று சொல்லாத பூச்செடி

அந்தக் காலத்தில், மரமும் மாடும் மனிதரும் ஒரே பேச்சில் சண்டை போட்டு ஒரே பேச்சில் சமாதானமாகிக்கொண்டிருந்த காலத்தில், மேகம் வந்து வீட்டுக்குள் எட்டிப்பார்க்கிற ஒரு மலையில் சீரங்காயி என்று ஒருத்தி இருந்தாள். கையும் ஓயாது, வாயும் ஓயாது. ஒரு கோடையில் மேல்காடு தீப்பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஆட்டையும் கோழியையும் அள்ளிக்கொண்டு ஓட, இவள் மட்டும் ஒரு பூச்செடியை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தாள். இப்போது நாம் ஆர்க்கிட் என்கிறோமே, அதேதான். அப்போதெல்லாம் அதுவும் மற்றச் செடிகளைப் போல மண்ணுக்குள் வேர்விட்டுத்தான் வளர்ந்தது. அந்தக் கூட்டத்தில் மிஞ்சியது இது ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் அந்தப் பூவே உலகத்தில் கிடையாது, பார்த்துக்கொள்ளுங்கள்!

வந்தது செடியானாலும் விருந்தாளி விருந்தாளிதானே? அந்த ஊரில் விருந்துக்கு ஒரு முறை உண்டு, கேட்டால் சிரிப்பீர்கள். பரிமாறுகிறவள் கையை நிறுத்தக் கூடாது. சாப்பிடுகிறவர் வாயைத் திறந்து 'போதும்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் சமைத்தவளுக்கு அவமானம். பானை காலியானால்தான் பந்தி முடியும். பாதியில் ஒருவரை இலையிலிருந்து எழுப்பிவிட்டாலோ, தொலைந்தது. அந்த வீட்டில் அப்புறம் ஒருத்தரும் கை நனைக்க மாட்டார்கள்.

சோறென்றால் பானை எப்படியும் காலியாகும். தண்ணீருக்கு ஏது காலி? ஓடை வாசலிலேயே ஓடியது. சீரங்காயி பெரிய மண்தொட்டியில் களிமண்ணைப் போட்டு, கால் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி மிதித்து, செடியை நட்டு வாசலோரம் வைத்தாள். காலையில் அவள் ஒரு சொம்பு ஊற்றினாள். அடுத்த வீட்டு நாத்தனார் பாவாயி வந்து ஒரு சொம்பு ஊற்றினாள். விறகுக்குப் போகிறவள் ஒரு சொம்பு, வரப்பு வெட்டப் போகிறவன் ஒரு சொம்பு. "பாவம், தீயில வெந்து வந்த உசுரு" என்று ஆளாளுக்கு உபசாரம்.

செடிக்கும் மரியாதை தெரியும். ஒவ்வொரு சொம்புக்கும் தலையை ஆட்டி, "உங்க பிரியம்" என்றது.

கொஞ்ச நாளில் இலை மஞ்சளடித்தது. அப்புறம் சுருங்கித் தொங்கியது. ஊரே கூடி நின்று பார்த்தது.

"இலை சுருங்குனா தாகம். இது பொறந்த புள்ளைக்கும் தெரியுமே அண்ணி" என்றாள் பாவாயி.

அவ்வளவுதான், சொம்பு குடமானது. ஒருத்தி கஞ்சித் தண்ணீர் ஊற்றினாள். இன்னொருத்தி மோரே ஊற்றிவிட்டுப் போனாள், சூடு தணியுமாம்! செடி அதற்கும் "உங்க பிரியம்" என்றுதான் சொன்னது, ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சீரங்காயிக்குச் சோறு இறங்கவில்லை. காட்டில் ஒரு கூட்டமே எரிந்தபோது அழாதவள், ஒரு மஞ்சள் இலை உதிர்ந்ததற்கு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

அழுதுகொண்டே இருக்கும்போது தொட்டிக்குள்ளிருந்து யாரோ கொட்டாவி விட்டார்கள். எட்டிப் பார்த்தால், செடியின் அடியில் ஒரு தவளை, சொந்த வீட்டில் இருப்பதுபோல் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

"உனக்கு இங்க என்ன வேலை?" என்றாள்.

"குடி வந்துட்டேன்" என்றது தவளை. "கோடையில கீழ்க்குளம் வத்திப்போச்சு. சுத்துப்பட்டுல இப்படி ஒரு சேறு கிடைக்குமா? உங்க ஊருக்கு நல்ல மனசு."

சீரங்காயிக்குப் பொறி தட்டியது. குளத்தை விட்டுவிட்டுத் தவளை குடிவருகிற இடத்தில் எவருக்காவது தாகம் இருக்குமா? விரலை மண்ணுக்குள் விட்டாள். விரல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. எடுத்து முகர்ந்தால் நாள்பட்ட கழனித் தண்ணீரின் நாற்றம். வேர் அழுகிவிட்டது! அழுகிய வேர் ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு செடி தாகத்தில் செத்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"விருந்துக்கு வந்த இடத்துல எப்படிக்கா சொல்றது?" என்றது செடி.

சீரங்காயி தொட்டியின் இரு பக்கமும் காலை ஊன்றினாள். செடி அவள் நோக்கத்தைப் புரிந்துகொண்டு நடுங்கியது. "வேண்டாங்க்கா. இலையிலிருந்து எழுப்பினா உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"நீ செத்தா எனக்குப் பேரு எதுக்கு?" என்று சொல்லி, இரண்டு கையாலும் பிடித்து, வேரோடு பிடுங்கி மேலே தூக்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் குடத்தோடு வந்தாள் பாவாயி. குடம் இடுப்பிலேயே நின்றது. "உண்டுக்கிட்டு இருந்தவங்களை எழுப்பிட்டீங்களே அண்ணி. இனி உங்க வீட்டுப் பச்சைத் தண்ணிகூட என் தொண்டையில இறங்காது." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் சேதி போய்விட்டது. தவளையும் மூட்டை கட்டியது, அதற்கு வேறு காரணம்.

சீரங்காயி பாவாயி போன வழியை ஒரு தரம் பார்த்தாள். ஆனாலும் கை நிற்கவில்லை. பழுப்பாகிக் கூழான வேரையெல்லாம் அரிவாளைத் தீயில் காட்டி நறுக்கித் தள்ளினாள். அழுத்தினால் கெட்டியாக இருந்ததை மட்டும் விட்டாள். அதுவும் கைவிரல் அளவுக்குத்தான் தேறியது. வெட்டுவாயில் அடுப்புக்கரித் தூளைத் தடவினாள். மறுபடி மண்ணில் வைக்க மனசு வரவில்லை. வாசல் பலாமரத்தில், காலை வெயில் இலை வழியாக வடிந்து வருகிற கிளையில், நார்க்கயிற்றால் கட்டினாள். வேர் காற்றில் தொங்கியது.

"இப்ப எப்பத் தண்ணி வேணும், எப்ப வேணாம்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"நான் வாயால சொல்ல மாட்டேங்க்கா. மரியாதை இல்லை."

"வாயால வேண்டாம். வேருதான் வெளியில கிடக்குதே, வேரால சொல்லு."

செடி யோசித்தது. ஆகா, என்ன யோசனை! வாய் பேசினால்தானே முறை கெடும்? மிஞ்சிய வேருக்கு மேல் மெல்லிய வெள்ளைத் தோல் ஒன்றைப் போர்த்திக்கொண்டது. நனைத்தால் உள்ளிருக்கும் பச்சை தெரிந்தது, காய்ந்தால் வெளுத்தது. சீரங்காயி வெளுத்த அன்று மட்டும் நனைத்தாள். பச்சையாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள். சும்மா நிற்பதுதான் அவளுக்கு மலை ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஊரில் ஒருத்தரும் வரவில்லை. அவள் சமைத்ததை அவளே தின்றாள். ஆனால் மழை தொடங்குகிற சமயம் வேர் நுனியில் புதுப் பச்சை முளைவிட்டது, அப்புறம் ஒரு இலை, அப்புறம் ஒரு தண்டு. ஒரு காலை, தண்டு நெடுக ஊதாப்பூ! சீரங்காயி கத்திய கத்தில் பாவாயி என்னமோ ஏதோவென்று ஓடி வந்தாள். வந்தவள் கையில் சொம்பு இருந்தது, பழக்க தோஷம். பூவைப் பார்த்தாள். ஊற்றப் போனவள், வேர் காற்றில் பச்சையாகத் தொங்குவதைப் பார்த்துத் திகைத்தாள்.

"அது பச்சையா இருந்தா வயிறு நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்றாள் சீரங்காயி.

பாவாயி சொம்பைக் கீழே வைத்தாள். அப்புறம், "நாங்கதான் கொன்னிருப்போம் அண்ணி. எனக்கு ஒரு இலை போடுங்க" என்றாள்.

சீரங்காயிக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை நாள் பரிமாறாத கை அல்லவா, சோற்றை அள்ளி அள்ளிக் கொட்டினாள். பாவாயிக்கு மூச்சு முட்டியது. 'போதும்' என்று சொல்ல முடியாது, முறை. வாசலில் தொங்கிய வேரை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறக்காமல் இலைக்கு மேல் தன் கையைக் குறுக்கே நீட்டினாள். சீரங்காயியின் அகப்பை அப்படியே நின்றது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தப் பூ காயாகி வெடித்தபோது பொடி போன்ற விதையைக் காற்று மலை முழுக்க மரக்கிளைகளில் தூவியது. அன்று முதல்தான் ஆர்க்கிட் மண்ணைத் தேடாமல் மரத்தில் ஏறி வேரை வெளியே தொங்கவிட்டு, தாகமென்றால் வெளுத்தும் நிறைந்தால் பச்சையாகியும் பேசுகிறது. பந்தியில் நாமும் வாயைத் திறக்காமல் இலைக்கு மேல் கையை நீட்டுகிறோம்.